கோணல் வண்டியில் எட்டு

கேரளத்தில் பைக் லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டு எடுக்க வேண்டும். மைதானத்தில் கம்பி நட்டு எட்டு போட்டிருப்பார்கள். அதற்குள் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டி வெளியே வரவேண்டும். கால் தரையில் பட்டால் ஆள் அவுட். நான் இரண்டு தடவை கால் ஊன்றினேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில், இடது பக்கத் திருப்பத்தில்.

என் பெயர் ஜெபமலர். ஆரியசாலையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். பச்சைக் குழந்தையானாலும் படுத்த படுக்கையான கிழவரானாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலையை எனக்கே தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதும். இந்த மாதமும் கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார். நாளெல்லாம் லேபில் ஒரு மூலை நாற்காலியிலேயே உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த வேலை எனக்கு வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி.

வீட்டில் இருப்பது என் கணவர் பிரஜினின் பைக் ஒன்றுதான். அவர் டைல்ஸ் போடுகிறவர். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் போட்ட ஹாலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அது நியாயமான பெருமை, இருக்கட்டும். இன்னொரு பெருமை அந்த பைக். அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

"வண்டி இடது பக்கமா இழுக்குது" என்றேன், இரண்டாம் தடவை தோற்றுவந்த அன்று.

"எனக்க வண்டி நூல் புடிச்ச மாதிரி போவும். நீதான் கோணலா இருக்க பிள்ளே" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. மழைக்காலத்தில் கிள்ளிப்பாலம் பக்கம் ரோட்டோரக் கல்லில் இடித்தது எனக்குத் தெரியாதா? அன்று ஹேண்டில் திரும்பிப்போயிருந்தது. முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி, "ஷரியாயி" என்று வீட்டுக்கு ஓட்டிவந்தார். எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். ஹேண்டில் நேராகத் தெரிந்தது, இழுப்பு அவருக்குப் பழகிப்போனது. இடித்தது அவர், கோணல் நானா?

மறுநாள் லேபில் என்னோடு வேலை பார்க்கும் ஆதிரா தன் அண்ணனின் பைக்கில் வந்திருந்தாள். வேலை முடிந்ததும் அதை வாங்கி, நான் பழகும் காலி மனைக்கு ஓட்டிப்போய் எட்டு போட்டேன். கால் ஊன்றவில்லை. மறுபடியும் போட்டேன். ஊன்றவில்லை.

"சேச்சிக்கு ஒரு கொழப்பமும் இல்ல. வண்டிக்குத்தான் கொழப்பம்!" என்று கைதட்டினாள் ஆதிரா.

அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக பிரஜினையும் பைக்கையும் எங்கள் தெருமுனையிலுள்ள லிங்கம் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். லிங்கம் அண்ணன் முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் பைப்புகளையும் உருவி, எண்ணெயைத் துடைத்துவிட்டு, கண்ணாடிப் பலகையில் ஒவ்வொன்றாக உருட்டினார்.

"வலது நல்லாருக்கு. இடது பைப்பு வளைஞ்சிருக்குடே பிரஜினு."

"உமக்கு பைப்பு வித்தாச் சரி. உமக்க கண்ணாடிதான் வளைஞ்சிருக்கும்" என்றார் இவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பம் உங்க டைல்ல வச்சு உருட்டிப் பாருங்க. நீங்களே பாத்து நேரா இருக்குன்னு சொல்லுங்க. பின்ன நான் லைசென்ஸ்னு வாயத் திறக்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. பிரஜின் எங்கள் வீட்டுக்குப் போய், சுவரில் சாய்த்துவைத்திருந்த பெரிய டைலையும் தன் வேலைச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் போட்டார். அலுமினியப் பட்டியைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, டைலில் வளைவு இல்லையென்று பார்த்தார். அப்புறம் ரசமட்டத்தை வைத்து, மூலைகளுக்கு அடியில் காகிதம் மடித்துச் செருகி, குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தார். "இவன் என்ன இங்கயே ஹால் கட்டப்போறானா?" என்றார் லிங்கம் அண்ணன்.

பிரஜின் பைப்பை உருட்டினார். அது சீராக உருளவில்லை. நடுப்பகுதி எழும்புவதும் படிவதுமாக நொண்டிக்கொண்டு போனது. அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பைப்புக்கும் டைலுக்கும் நடுவில் பார்த்தார். நேராக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வண்டி ஜெயித்துவிடும், நான் அந்த நாற்காலிக்கே திரும்பிப்போவேன். இன்னொரு தடவை உருட்டினார். இன்னொரு தடவை குனிந்தார்.

"வளைஞ்சுதான் இருக்கு" என்றார். "வெளிச்சம் தெரியுது."

லிங்கம் அண்ணன் பைப்பைக் கையில் எடுத்தார். "பிரஸ்ல குடுத்து அமுக்கி நிமித்திரலாம்."

"நிமித்த வேண்டாம் அண்ணே. வளைஞ்சது வளைஞ்சதுதான். புதுசு போடும்."

அவருக்கு வண்டியைவிடக் கண் பெரிது. டைலில் பார்த்த கோணலை நேரென்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்த நிமிஷம் அவரை நினைத்து எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது. வெளியே சொல்லவில்லை, சொன்னால் தலைக்கேறிவிடும்.

புது பைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, வண்டி வந்தது. காலி மனையில் பிரஜின் ஆணி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் எனக்கு ஒரு எட்டு வரைந்தார். அச்சு அசலாக இருந்தது. ஏறினேன். முதல் திருப்பத்திலேயே வலது பக்கமாகச் சரிந்து விழுந்தேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன நாளும் அந்த இழுப்பயும் சேத்துல்லா நீ புடிச்சு ஓட்டியிருக்க" என்றார். "கை அப்படியே பழகிப்போச்சு. அந்த வண்டியில முக்கால் எட்டு வந்ததே பெருசு."

உண்மைதான். ஆதிராவின் அண்ணன் வண்டி எனக்குப் புதுசு, பார்த்துப் பார்த்து ஓட்டினேன்; எங்கள் வண்டியில் ஏறினதும் கை தானாகப் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. இழுக்காத வண்டியில் இழுத்துப் பிடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கும் சில நாள் ஆனது.

டெஸ்ட் அன்று இடது திருப்பம் வந்தது, போனது. கடைசிக் கம்பியையும் தாண்டி வெளியே வந்து பிரேக் பிடித்த பிறகுதான் மூச்சு விட்டேன். கையில் தாளோடு நின்ற அதிகாரி, "பாஸ். அடுத்த ஆள் வரு" என்றார். எனக்கு அங்கேயே கத்தவேண்டும் போலிருந்தது.

எனக்கு முன்னால் கத்திக்கொண்டிருந்தார் பிரஜின். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, முறைக்காகக் காத்துநின்ற முன்பின் தெரியாத ஜனங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, "எனக்க வண்டி கோணல் வண்டி, கேட்டியளா? ஃபோர்க் பைப்பு வளைஞ்சு கெடந்துது. அந்தக் கோணல் வண்டியில ஓட்டிப் படிச்சவளாக்கும் இவ!" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் சாவிக்குக் கையை நீட்டினார். நான் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து அவர் பஸ்ஸில் போகட்டும்.