ஹெப்சிபாவின் வீடு நிற்கும் மாடி

ஹெப்சிபாவின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அவள் வீடும் ஏறும். இறங்கினால் வீடும் இறங்கும். பாளையங்கோட்டையில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்கியபோது வீடு இரண்டாம் மாடியில்தான் இருந்தது. முப்பத்தோரு வயதில் அவளுக்கு முதல் வகை நீரிழிவு என்று மருத்துவர் சொன்ன வாரத்திலிருந்து இப்படி. குடியிருப்போர் சங்கத்தார் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்கள்: மொட்டை மாடிக்கு மேலே போவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், அங்கே வடகம் காய்கிறது.

சொல்லத்தான் அவளுக்குத் தெரியவில்லை. அதே இட்லி, அதே அளவு இன்சுலின். ஒரு நாள் வீடு அசையாமல் நிற்கும்; மறுநாள் வேப்பமரத்தின் உச்சியைத் தாண்டிவிடும். காய்ச்சலில் கிடந்த வாரம் முழுக்க மேலேயே நின்றது. பால்காரர் கயிறு விடச் சொன்னார். அவள் கணவன் செல்வின் டயர் கடை வைத்திருந்தான். வீடு திரும்பும்போது வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பான். அதற்குப் பிறகுதான் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவான்.

அன்று மதியம் சாப்பிட வந்தவன் அண்ணாந்து பார்த்தான். இரண்டாம் மாடியில் வீடு இருந்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலேயும் வீட்டைக் காணோம்.

"சார், வீடு கீழ போயிட்டு," என்றார் காவலாளி முத்துவீரன். "அம்மா காலைல எல்லா ஜன்னல் ஸ்கிரீனையும் அலசிக் காயப்போட்டாங்க. அதுக்குப் பெறவு எறங்கினதுதான்."

வண்டிகள் நிற்கும் இடத்தின் மூலையில் கீழே போகும் படிகள் இருந்தன. ஈரமாக இருந்தன. செல்வின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக இறங்கினான். கதவு திறந்தே கிடந்தது. ஜன்னல்களில் மண் அடைத்திருந்தது. ஹெப்சிபா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் உடை ஒட்டியிருந்தது.

"யாரு நீங்க?" என்று எரிச்சலோடு கேட்டாள். "இங்க டயர் எதுவும் கெடையாது."

"சரி. இதக் குடி மொதல்ல."

குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை அவள் தட்டிவிட்டாள். அவன் மறுபடி கரைத்தான். இம்முறை குடித்தாள். வீடு இன்னும் ஒரு சாண் இறங்கி, நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. ஜன்னலில் வேர்கள் போயின. வண்டிச் சக்கரங்கள் போயின. முத்துவீரனின் செருப்பு, இடுப்பு, முகம். அவர் ஒருமுறை தலையசைத்தார்.

"நீங்களா," என்றாள் ஹெப்சிபா. அழுகை வந்தது. "எண்ணித்தாங்க ஊசி போட்டேன். எண்ணித்தான் சாப்பிட்டேன்."

"தெரியும்."

"பெறவு ஏன் இப்படி?"

அவன் துண்டால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டான். "பயந்துட்டேன் ஹெப்சி. குளுக்கோஸ அள்ளிப் போட்டுட்டேன்."

அதனால் வீடு இரண்டாம் மாடியில் நிற்காமல், வடகத்தையும் தாண்டிப்போய் நின்றது. அவள் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இப்போதே ஊசி போட்டால் திரும்பவும் மண்ணுக்குள் போக நேரும். பொறுத்திருப்பது என்று முடிவு செய்தார்கள். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

கீழே, வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ஒருத்தி வெளியே போனாள். நோய் வருவதற்கு முந்திய, போன வருடத்து ஹெப்சிபா. சாலையைக் கடந்து பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கினாள். எதையும் எண்ணாமல், நின்றபடியே சாப்பிட்டாள். விரல்களை நக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஹெப்சிபா கையசைத்தாள். அவளும் அசைத்தாள்.

"சாப்பிட வரச் சொல்லவா?" என்றான் செல்வின்.

"சொல்லுங்க. மீன் கொழம்பு இருக்கு."

அவன் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தான்.