அரியர்ஸில் வாங்கிய மூக்கு

ஐந்தாவது சம்பளக் கமிஷன் அரியர்ஸ் வந்த வருஷம், டெல்லி கிட்வாய் நகர் அரசாங்கக் காலனியில் ஆளுக்கு ஏதாவது ஒன்று வாங்கினார்கள். கீழ்வீட்டில் பெரிய ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது, எதிர் பிளாக்கில் கலர் டி.வி. அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்த அகல்யா தன் பங்குக்கு ஒரு மூக்கு வாங்கிக்கொண்டாள்.

பழைய மூக்குக்கு என்ன குறை என்று கேட்டால் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் நீளம், நடுவில் சின்ன மேடு, அவ்வளவுதான். அதைக் குறையாக்கியது அவள் புருஷன் நல்லசிவத்தின் வாய். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு ரயிலேறி வந்த நாள் முதலாக, அந்த மூக்கைப் பேச்சில் இழுக்காமல் அந்த மனிதருக்கு ஒரு வாய் சோறு இறங்காது. "ஏட்டி, கதவத் தெறந்தா மொதல்ல ஒன் மூக்கு வருது, பொறவுதான் நீ வாரே" என்பார். நண்பர்கள் வந்துவிட்டால் இன்னும் குஷி. "எங்க மாமனாரு நகை போட்டாரோ இல்லியோ, மூக்கப் போட்டு அனுப்பிட்டாரு." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பாள். பிறகு குளியலறைக் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். என்றைக்காவது ஒரு நாள் இந்த மனிதர் தன் முகத்தைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

சவுத் எக்ஸ்டென்ஷனில் மூக்கைத் திருத்திக்கொடுக்கிற ஒரு டாக்டர் இருந்தார். காலனியில் சைனஸ் ஆபரேஷன் என்று சொல்லிவைத்தாள். டெல்லித் தூசியின் புண்ணியத்தில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. கட்டுப் பிரித்தபோது மேடு போயிருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. கூடவே நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, நுனி இடது பக்கமாக ஒதுங்கி நின்றது. வீக்கம் வடிந்ததும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். வீக்கம் வடிந்தது, மூக்கு அப்படியே நின்றது. மூக்குத்தியைத் திரும்பப் போட்டால் அது வேறு எங்கோ பார்த்தது. நல்லசிவம் நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கிளி மூக்கக் குடுத்துக் கோழி மூக்க வாங்கியிருக்கே" என்றார்.

பெரிய கொடுமை என்னவென்றால், சொன்ன பொய் பலித்துவிட்டது. வலது பக்கம் மூச்சே போகவில்லை. ஆபீசில் வாயால் மூச்சுவிட்டபடி டிக்டேஷன் எடுத்தாள். இன்னொரு தடவை ஆபரேஷன் செய்துகொண்டு சரிப்படுத்தலாமா, உள்ளதும் போய்விடுமா என்று மனசு அல்லாடியது. இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் போல என்று மேல்வீட்டு ருக்கு மாமியிடம் மெல்லச் சொன்னபோது மாமிக்கு ஆச்சரியமே இல்லை.

"சைனஸ்னா அப்படித்தான்டி, ஒரு தடவைல போகாது. என் நாத்தனார்கூட ரெண்டாம் தரம் பண்ணிண்டா. அவ மூஞ்சியும் இப்படித்தான் கோணிண்டு போச்சு, பாவம்."

அகல்யா வீட்டுக்கு வந்து அழுதாள். மூக்கடைப்போடு அழுவது எவ்வளவு கஷ்டம் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

கடைசியில் கரோல் பாகில் ஒரு சர்தார்ஜி டாக்டரைப் பிடித்தாள். அவரிடம் கம்ப்யூட்டர் இருந்தது. மூக்கு எப்படியெல்லாம் வரலாம் என்று முன்கூட்டியே படம் போட்டுக் காட்டுவாராம். அகல்யா புருஷனிடம் வந்து நின்றாள்.

"இந்தத் தடவை நீங்களும் வாங்க. ஒங்களுக்கு எது பிடிக்கோ, அதையே வச்சிக்கிடுதேன்."

சர்தார்ஜி மேஜையில் படங்களைப் பரப்பினார். கம்ப்யூட்டர் போட்டவை, பழைய டாக்டரிடமிருந்து வாங்கிவந்தவை எல்லாம் கலந்து கிடந்தன. எல்லாமே பக்கவாட்டுப் படங்கள். கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, மூக்குத்தி கிடையாது. நல்லசிவம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே போட்டார். ஒன்றைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான்ட்டி! என்ன லெச்சணமா இருக்கு பாரு. மொகத்துக்கே ஒரு கம்பீரம் வந்திருது. இதையே பண்ணச் சொல்லு."

அகல்யா எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் நீளம், நடுவில் சின்ன மேடு.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அது ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த படம் என்று தயக்கத்தோடு சொன்னார். நல்லசிவம் படத்தையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் மனிதர் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேம்லா? இருக்க மூக்கு நல்லாத்தான இருக்கு, அதுல போயிக் கைய வைக்காதன்னு. நீ எங்க கேட்டே?"

வேறொரு நாளாயிருந்தால் அகல்யா சண்டைக்குப் போயிருப்பாள். இத்தனை வருஷம் அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவைத்த இந்த மனிதர், அந்த மூக்கை ஒரு தரம்கூடப் பார்த்ததே இல்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. மனசு விட்டுப்போயிற்று.

எந்தப் படத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கேட்டார். அவள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"மூச்சு விட ஒரு வழி பண்ணிக் குடுங்க டாக்டர் சாப், அது போதும்" என்று இந்தியில் சொன்னாள். "வெளியில எப்படி இருந்தாலும் சரி. எங்க வீட்டுல அதைப் பாக்குறவங்க யாரும் இல்ல."