மீன் முத்திரைக் குறடு

பல்செட் செய்தே காலம் தள்ளியவருக்கு, கடையை ஒரேயடியாக மூடிய பிறகு கடித்துக் குதற ஏதாவது வேண்டியிருந்தது. பரணில் தாத்தாவின் குறடு அகப்பட்டது. வாய் ஒரு பக்கம் வளைந்து, பிடிக்கு நடுவே ஒரு திருகாணியுடன், எதற்கென்று யாருக்கும் சொல்லத் தெரியாத குறடு. பிடியில் சின்னதாக ஒரு மீன் முத்திரை.

"தாத்தாவே கண்டுபிடிச்சது. மீன் அவரோட அடையாளம்," என்று முடிவு கட்டிவிட்டார்.

"அவர் ஒரு ஆணி அடிச்சுக்கூட யாரும் பாத்ததில்லைன்னு அத்தை சொல்லுவாங்களே?" என்றாள் மனைவி.

"மூளையால வேலை செய்றவங்க ஆணி அடிக்க மாட்டாங்கடி."

மனிதரின் அவசரத்துக்குக் காரணம் மகளின் மாமனார். வாயைத் திறந்தால் "எங்க தாத்தா துறைமுகத்துல பெரிய அதிகாரி" தான். பதிலுக்கு எடுத்துவிட இவரிடம் உருப்படியாக ஒரு பெரியப்பாகூட இல்லை. குறடு அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தாத்தா பெயரோடு உட்கார வேண்டும், சம்பந்தி குனிந்து படிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சாட்சி தேடித் தெருத்தெருவாக அலைந்தார். மீன் போட்ட கருவி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும் வெல்டிங்காரர் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினார். தச்சரின் மனைவி, "எங்க வீட்ல சுத்தியே கிடையாது," என்றாள், உள்ளே டக் டக்கென்று அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

"வயித்தெரிச்சல்," என்றார் பல்செட்காரர்.

அருங்காட்சியகத்துக்கு மனைவியோடு சம்பந்தியையும் வருந்தி வருந்தி அழைத்துப் போனார். அங்கிருந்த அதிகாரி, சின்னப் பெண், குறட்டைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பல்செட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மூவரையும் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அச்சு அசல் அதே குறடு. கீழே ஒரு பெயர். தாத்தாவின் பெயர் இல்லை.

"துறைமுகப் பட்டறையில ஒருத்தர் கண்டுபிடிச்சது சார். மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சார். பெரியவங்ககிட்ட காட்டுறதுக்குள்ள காணாமப் போச்சு. யாரும் அவரை நம்பல. அதோட அந்தக் குறடு செய்யறதே நின்னுபோச்சு."

"அப்போ இந்த மீன்?"

"பட்டறை முத்திரை. சாமானை யாரும் வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு அடிச்சது. உங்க தாத்தா அங்க என்ன வேலை பாத்தார்?"

பல்செட்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மனைவிதான் சொன்னாள்: "கேட்ல காவல்காரர்."

அந்தப் பெண் ரொம்ப நேரம் இருமினாள். பிறகு நயமாகக் கேட்டாள்: "இங்கயே வச்சிடலாமா? 'திருப்பிக் கொடுத்தவர்'னு உங்க பேரைப் போடுறோம்."

பூமி பிளந்தால் உள்ளே போகத் தயாராக இருந்தார் மனிதர். அப்போது சம்பந்தி அவர் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்தார்.

"சரின்னு சொல்லிட்டு சட்டுனு வாங்க. வீடு வீடா வந்து கேக்க ஆரம்பிச்சிடப் போறாங்க. எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு, மீன் போட்டது."

"என்னது?"

"சுத்தி."

பல்செட்காரரின் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"வெறும் சுத்தியா?" என்றார். "சுத்தியை யார் வேணா எடுப்பாங்க சம்பந்தி. எங்க தாத்தா எடுத்தது, உலகத்துலயே ஒண்ணுதான்."

திரும்பி நடந்து போய், தன் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.