பந்துக்கு ஒரு கல்

பண்டாரவளைக் கடைத்தெருவில், முன்ஸிப்பின் மாமா நடத்தும் துணிக்கடையின் மேல்மாடியில் நான்கு பேர் ஒரு லெப்டொப்பைச் சுற்றி உட்கார்ந்து பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நால்வரும் உடற்கல்வி ஆசிரியர்கள். நால்வரும் மேற்படிப்புக்காக ஆய்வு செய்கிறவர்கள். "என்ன படிக்கிற?" என்று வீட்டில் கேட்டால் "விளையாட்டு" என்று சொல்லி, "அதுக்கும் ஒரு படிப்பா?" என்ற சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அந்தச் சிரிப்புதான் அவர்களை ஒன்றுசேர்த்தது என்றும் சொல்லலாம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இங்கே கூடுகிறார்கள். ஒரு அளவு நாடா, இரண்டு ஸ்டொப் வோச், ஒரு ஸ்பீக்கர் பெட்டி. நால்வருக்கும் பொதுச் சொத்து இவ்வளவுதான். அந்த வாரம் யாருக்குத் தேவையோ அவரோடு அவை பஸ் ஏறும்.

அன்று காத்திருந்தது யசோதினிக்காக. பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் அவள் நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஓடவைத்து அளந்திருந்தாள். இருபது மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஸ்பீக்கர் 'பீப்' என்று கத்துவதற்குள் ஒரு கோட்டிலிருந்து மற்றதற்கு ஓடிவிட வேண்டும். படிக்குப் படி நேரம் குறையும். எத்தனை படி தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதுதான் சோதனை. அவளுடைய பிள்ளைகளில் பெரும்பாலானோர் நாலாம் படியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நம் பிள்ளைகள் இவ்வளவுதானா என்று அவளுக்கு மனசு சுருங்கிப் போயிருந்தது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதி, பிள்ளைகள் முற்றத்தில் பந்து விளையாடும் நான்கு படங்களும் சேர்த்து அனுப்பியிருந்தாள்.

கொழும்பிலிருந்த பேராசிரியர் கேட்டதோ வேறு. படத்தில் ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் ஏன் ஒரு கல் இருக்கிறது? பந்து உருண்டு போகாமல் இருக்க என்று யசோதினி யோசிக்காமல் எழுதிவிட்டாள். இப்போது பதில் வந்து விழுந்தது. அப்படியானால் அது சரிவு. சரிவில் எடுத்த அளவு செல்லாது. மட்டமான தரையில் மறுபடி எடுத்துப் புதன்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் அவளுடைய ஆய்வுப் பதிவு காலாவதியாகிவிடும்.

"சரிவா? எங்க ஸ்கூல் கிரவுண்டா?" யசோதினிக்குக் கோபமே வந்தது. "தோட்டத்துலயே மட்டமான எடம் அதுதாங்க!"

"நீங்க மலையில பொறந்த ஆள். ஒங்களுக்கு சுவரும் மட்டமாத்தான் தெரியும்" என்றான் முன்ஸிப். அவன் பதுளை டவுனில் படிப்பிக்கிறவன். "எழும்புங்க, போய்ப் பாப்போம்."

பகல் பஸ்ஸில் நால்வரும் போனார்கள். பாடசாலை முற்றத்தில் முன்ஸிப் தன் தண்ணீர்ப் போத்தலைக் கிடையாக வைத்தான். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, மெல்ல உருண்டு, பிறகு அவசரமாக உருண்டு, கீழே மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. இதே முற்றத்தில் படித்து, இதே முற்றத்தில் ஏழு வருடம் படிப்பித்தும் யசோதினிக்கு அது தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

நால்வரில் ஒருத்தியான றின்ஸா அதோடு விடவில்லை. வீடு கட்டும் மேசன் பாஸ்மார் செய்வதைப்போல் நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு கோட்டுக்கும் மட்டம் பார்த்தாள். ஏறக்குறைய மூன்று அடி வித்தியாசம்.

"மூணடி! புள்ளைங்க ஓடல யசோ, மலை ஏறியிருக்கு" என்றாள்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்த யசோதினியின் அம்மா மாரியாயி, மகளும் மற்ற ஆசிரியர்களும் முழந்தாளிட்டுத் தரையைப் பார்ப்பதைக் கண்டு நின்றாள்.

"என்னம்மா தேடுறீங்க? தோடு கீடு வுழுந்துருச்சா?"

"மட்டமான எடம் தேடுறோம்மா. இருபது மீற்றராச்சும் வேணும்."

"இதுக்கா இந்தப் பாடு?" மாரியாயி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உதறினாள். "மூடிக் கெடக்குற பேக்டரில கொழுந்து வாட்டுற மாடி இருக்குல்ல. கொமரியா இருக்கையில நான் கூட்டுன எடம். பாசி மணிய போட்டாலும் போட்ட எடத்துலயே கெடக்கும். தொரய போய் கேளுங்க."

கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரன் ஜீவன். பசறைக்காரன், மூன்று பாஷையிலும் விண்ணப்பம் எழுதுவான். அங்கேயே பேனாவை எடுத்து எழுதினான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிவரை மட்டும் என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை, காவல்காரர் அழகையா துருப்பிடித்த பூட்டைத் திறந்துவிட்டார். கொழுந்து பரப்பிய தட்டுகளையெல்லாம் எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல். நடுவே நூறு அடிக்கு மேல் நீளமான பலகைத் தரை. முன்ஸிப் ஒவ்வொரு பலகையையும் மிதித்துப் பார்த்தான். றின்ஸாவின் டியூபில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே கோட்டில் நின்றது.

"ஒரு நூல் சரிஞ்சிருந்தாலும் கொழுந்து ஒரு பக்கம் காஞ்சி ஒரு பக்கம் பச்சையா நிக்குமாம்" என்றார் அழகையா. "அதுக்காகவே வெள்ளைக்காரன் லெவல் பாத்துப் போட்டது. கொழுந்துக்கு அம்புட்டு மருவாத."

எட்டு மணிக்கு 'பீப்' தொடங்கியது. ஜீவன் சுற்று எண்ண, றின்ஸா எழுத, முன்ஸிப் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொள்ள, யசோதினி கோட்டருகே நின்று பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தாள். பலகை அதிர வெறுங்கால்கள் போய்வந்தன. ஆறாம் வகுப்புச் சுபாஜினி முற்றத்தில் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டவள். இங்கே ஐந்தைத் தாண்டினாள், ஆறைத் தாண்டினாள், ஏழாம் படியிலும் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

"டீச்சர், காலு தானா போகுது!"

யசோதினி றின்ஸாவின் தாளை எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் மேல் ஒரு குறையும் இல்லை. இதைப் புதன்கிழமைக்கு முன்பே எழுதலாம், நாளைக்கே எழுதலாம். தன்னந்தனியாக இருந்திருந்தால் அந்தச் செல்லாத நாலாம் படியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள் என்று நினைத்து, மற்ற மூவரையும் பார்த்தாள். ஜீவன் தன் எண்ணிக்கையில் கவனமாக இருந்தான்; பக்கத்தில் அழகையாவும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டாவது பிள்ளை ஓடி முடித்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. "பத்து நிமிசம் வெளையாடுங்க" என்று யசோதினி பையிலிருந்த பந்தைச் சுபாஜினியிடம் கொடுத்தாள். சுபாஜினி அதை நடுத்தரையில் வைத்து, யாரோ கழற்றிப் போட்டிருந்த செருப்பை இழுத்துப் பந்துக்கு முட்டுக்கொடுத்தாள். யசோதினி குனிந்து செருப்பை எடுத்துவிட்டாள். பந்து அசையவில்லை. உதைப்பதற்கு ஓடிவந்த பிள்ளைகள் உதைக்காமல் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். ஒருவன் தரையில் கன்னத்தை வைத்துப் பந்துக்கு அடியில் பார்த்தான்.

"ஒண்ணுமில்லடா, சும்மாவே நிக்கிது" என்றான்.

சரியாகப் பன்னிரண்டுக்கு அழகையா எல்லோரையும் இறக்கிவிட்டுப் பூட்டைப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு, "பூட்டியாச்சின்னு தொரைக்கு சொல்லணும்" என்று நடந்தார். நால்வரும் றின்ஸாவின் தாள்கட்டை மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிள்ளைகளோடு பாடசாலை முற்றத்துக்கு வந்தார்கள்.

அங்கே சுபாஜினி பந்தைக் கீழே வைக்கக் குனிந்தாள். ஒரு கை பந்தை அழுத்திப் பிடித்திருந்தது. அவள் பார்க்காமலே, மற்றக் கை மண்ணைத் தடவி ஒரு கல்லைத் தேடியது.