ரெஸ்ட்ரெயின்ட்டுக்குத் தமிழ்

மருத்துவமனையில் எனக்குப் படிவங்களைத் தமிழாக்கும் வேலை. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல், மயக்க மருந்துக்கு ஒப்புதல், ரத்தம் ஏற்ற ஒப்புதல் என்று ஆங்கிலத்தில் வருகிறவற்றை, கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தர வேண்டும். ஆறு வருடத்தில் எந்தச் சொல்லும் என்னை இரண்டு நாளுக்கு மேல் உட்கார வைத்ததில்லை. ரெஸ்ட்ரெயின்ட் ஒரு வாரம் உட்கார வைத்தது.

நான்கு பக்கப் படிவத்தில் அந்தச் சொல் பதினோரு இடத்தில் வந்தது. முதல் மூன்று பக்கங்களில், நோயாளியின் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவதற்கு அந்தப் பெயர். நான்காம் பக்கத்தில், நோயாளி திட்டினாலும் அடித்தாலும் ஊழியர்கள் ரெஸ்ட்ரெயின்ட்டோடு நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி. கட்டுகிற நாடாவுக்கும் அதே சொல், கை ஓங்காமல் நிற்கிற மனசுக்கும் அதே சொல். அகராதியைப் புரட்டினால் இன்னும் குழப்பம். காரில் மாட்டுகிற சீட் பெல்ட்டும் ரெஸ்ட்ரெயின்ட்தான். முறைத்துக்கொள்ளும் இரண்டு நாடுகளிடம் பெரிய மனிதர்கள் காட்டச் சொல்வதும் ரெஸ்ட்ரெயின்ட்தான்.

எங்கள் பிரிவுத் தலைவர், ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்தான் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். "எல்லா இடத்துலயும் கட்டுப்பாடுன்னு போட்டுட்டு வேற வேலையப் பாரும்மா" என்றார். 'உங்கள் தந்தைக்குக் கட்டுப்பாடு தேவைப்படலாம்' என்று எழுதிப் பார்த்தேன். சர்க்கரை நோய்க்காரரை இனிப்பைக் குறைக்கச் சொல்வது போல இருந்தது. 'அடக்கம்' என்று மாற்றினேன். படித்துப் பார்த்த தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கள் தந்தைக்கு அடக்கம்னா, எத்தனை மணிக்குன்னு கேப்பாங்க."

"சார், முதல்ல அது என்னன்னு நேர்ல பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நான்காம் வார்டுக்குப் போனேன்.

அங்கே பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் நெட்டை சிஸ்டர் என்பார்கள். கட்டில்களைச் சுற்றியிருந்த திரைக் கம்பிகளில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்தே நடப்பார். ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அலமாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது, இரண்டு பக்கமும் நீள நாடா.

"கைய நீட்டுங்க மேடம்."

நீட்டினேன். மணிக்கட்டில் சுற்றி, நாடாவைக் காலிக் கட்டிலின் கம்பியில் முடிச்சுப் போட்டார். வலிக்கவே இல்லை. ஆனால் அந்த நிமிஷமே எனக்கு மூக்கு அரித்தது. இன்னொரு கை சும்மாதான் இருந்தது, அதைத் தூக்கிச் சொறிந்துகொள்ளலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. கட்டின கையைத்தான் இழுத்தேன்.

"எல்லாரும் இழுப்பாங்க" என்று அவிழ்த்துவிட்டார்.

அப்போதுதான் ஒன்பதாம் கட்டிலில் சத்தம் கேட்டது. அந்தக் கட்டிலில் இருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் புத்தி தடுமாறுவது உண்டு. இவர் தான் கிரேன் மேல் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"கீழ ஆள் நிக்கிறான்! தள்ளிப் போகச் சொல்லு! சிக்னல் எங்க?" என்று கத்தியபடி, கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸ் குழாயைப் பிடித்து இழுத்தார்.

சிஸ்டர் ஓடிப்போய்க் குனிந்து அந்தக் கையைப் பிடித்தார். பெரியவர் மற்றக் கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். நாற்பது வருடம் இரும்பைப் பிடித்த கை. சிஸ்டரின் கண்ணாடி அடுத்த கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

பக்கத்தில் நின்ற மகள் அழுதுவிட்டாள். "கட்டிடுங்க சிஸ்டர். எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். எங்கப்பா இப்படிப்பட்ட ஆளே இல்ல."

டாக்டரும் வந்து சேர்ந்தார். வயதில் சிஸ்டருக்குப் பிள்ளை மாதிரி இருப்பார். "நேத்தே கட்டச் சொன்னேன். கேக்கலை. இப்ப அடி வாங்குனதுதான் மிச்சம்" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

நான் சிஸ்டரின் முகத்தையே பார்த்தேன். காதும் கன்னமும் சிவந்திருந்தன. தாடை இறுகியது. இரண்டு அடி பின்னால் போனார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டார். அவ்வளவுதான்.

"ஒரு மணி நேரம் குடுங்க டாக்டர். என் சாப்பாட்டு நேரம்தான், நானே பக்கத்துல நிக்கிறேன். அடங்கலைன்னா என் கையாலயே கட்டறேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

சிஸ்டர் மகளிடம் திரும்பினார். "அப்பா காதுக்கு மிஷின் போடுவாராம்மா?"

"போடுவார். இங்க தொலைஞ்சிடுமேன்னு என் பையில வச்சிருக்கேன்."

"கண்ணாடி?"

"அதுவும் பையிலதான்."

மூன்று நாளாக அந்த மனிதருக்குக் காதும் சரியாகக் கேட்கவில்லை, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு வார்த்தையாவது குத்தலாகச் சொல்லியிருப்பேன். சிஸ்டர் சொன்னது, "நல்ல வேளை, கொண்டு வந்திருக்கீங்க. நீங்களே போட்டு விடுங்க, உங்க கைன்னா அவருக்குத் தெரியும்."

அவள் போட்டுவிட்டாள். சிஸ்டர் ட்ரிப்ஸ் ஊசியின் மேல் துணி சுற்றி, சட்டைக் கையை இறக்கி மறைத்தார். கண்ணுக்குத் தெரியாததை யார் பிடுங்கப் போகிறார்கள்? பிறகு இரண்டு துண்டுகளைக் கிரேனின் பிடிகள் மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, பெரியவரின் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு, கட்டிலின் கால்பக்கம் அவர் பார்வைக்கு நேரே போய் நின்றார்.

"கீழ இருந்த ஆளுங்க தள்ளிப் போயிட்டாங்க ஐயா. சுமை மட்டும் இன்னும் மேலயே இருக்கு. இறக்கிடலாமா?"

பெரியவர் கண்ணாடி வழியாக அவரைக் கூர்ந்து பார்த்தார். "நீ யாரு? புது ஆளா?"

"புது ஆள்தான். நீங்க சொன்னா கேட்டுக்கறேன்."

"கேட்டுக்கிட்டா சரி." துண்டுகளைப் பிடித்த கைகள் மெதுவாக நகர்ந்தன. சிஸ்டரும் சிக்னல் காட்டுவது போலத் தன் உள்ளங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். அப்படி ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும். வார்டில் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் பெரியவர் "வச்சாச்சு" என்று பெருமூச்சு விட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரத்தில் தூங்கிப்போனார். மீதி நேரமும் சிஸ்டர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. டாக்டர் வந்து பார்த்தார், கட்டச் சொல்லி எழுதியதை அடித்துவிட்டுப் போனார்.

சாமான் அறையில் வளைந்த கண்ணாடிக் காதை நிமிர்த்திக்கொண்டிருந்த சிஸ்டரிடம், "உங்களுக்குக் கோவமே வராதா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? காது இன்னும் கொய்யுங்குது. திருப்பி ஒண்ணு வைக்கக் கை தானா எழும்பிச்சு. அதான் பின்னால கட்டிக்கிட்டேன். டாக்டரையும் நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

"அப்ப யாரையும் கட்டினதே இல்லையா?"

"கட்டியிருக்கேன். வேற வழியே இல்லாத நேரம் உண்டு மேடம். ஆனா ஒரு தடவை, ஒரு அம்மாவைக் கட்டிட்டு வந்து உக்காந்தப்புறம் யோசிச்சேன். அந்தம்மாவுக்காகக் கட்டினேனா, இல்ல நான் களைச்சுப்போனதுக்குக் கட்டினேனா? பதில் நல்லா இல்ல. அதிலேருந்து முதல்ல என்னைப் பிடிச்சுக்கறேன். அப்புறம்தான் அவங்களை."

என் மேஜைக்குத் திரும்பி ஒரே மூச்சில் எழுதினேன். முதல் மூன்று பக்கங்களிலும் பூசி மெழுகாமல் 'கையைக் கட்டிலோடு கட்டுதல்' என்றே போட்டேன். நான்காம் பக்கத்துக்கு 'பொறுமை' என்று எழுதி அடித்தேன். பொறுமை என்றால் தாங்கிக்கொண்டு சும்மா இருப்பது என்றும் ஆகிவிடும். அவர் சும்மா இருக்கவில்லையே. 'நிதானம்' என்று எழுதினேன்.

"ஒரே சொல்லுக்கு ரெண்டு தமிழா?" என்றார் தலைவர். "அதுவும் நிதானம்? ஆள் நிதானத்துல இல்லன்னு குடிச்சவனைத்தானே சொல்லுவோம்?"

"ஆமா சார். அவன்கிட்ட இல்லாதது எதுவோ, அதுதான் இது" என்று சொல்லி, வார்டில் நடந்ததையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஒப்பமிட்டார்.

புதுப் படிவம் வந்த பிறகு, கையெழுத்துக்கு முன்னால் ஜனங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எதுக்குக் கட்டணும், எவ்வளவு நேரம், நான் கூட இருந்தா கட்டாம விடுவீங்களா? எங்களுக்கு வேலை கூடிப்போச்சு என்று சில வார்டுகளில் முணுமுணுத்தார்கள். நெட்டை சிஸ்டர் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் போட இன்னும் நான்கு நாற்காலி கேட்டு எழுதினார்.

பெரியவருக்கு ஐந்தாம் நாள் புத்தி தெளிந்தது. அறைந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. மகள் சொல்லி மன்னிப்புக் கேட்க வைக்கப் பார்த்தாள். சிஸ்டர் விடவில்லை. "வேணாம்மா. தெரிஞ்சா மனுஷன் குன்றிப்போயிடுவாரு. எனக்கு வலி போயிடுச்சு, அவருக்கு எதுக்குப் புதுசா ஒண்ணு?"

அவர் வீட்டுக்குப் போகிற அன்று பேப்பர்களோடு நான் போயிருந்தேன். தடியை ஊன்றி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர், என்னை ஒரு ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீங்க ஆபீஸ் ஆளுதானே? அந்த நெட்டை சிஸ்டர் மேல ஒரு புகார் எழுதணும். நட நடன்னு உயிரை வாங்குது. கொஞ்சங்கூட இரக்கமில்ல. மனுஷன்னா ஒரு கோவதாபம் வேணாம்? நான் எவ்வளவு கத்தினாலும் சிரிச்சுக்கிட்டே நிக்குது!"

அவர் விட்ட அறையின் கதை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

"சொல்லுங்க ஐயா, எழுதிக்கறேன்" என்றேன்.