நீலக் கொடி

ஜெர்சன் ஒன்பது முறை தேசிய கார் பந்தய சாம்பியன். கடைசிப் பந்தயத்தில் மட்டும் ஒரு முழுச் சுற்று பின்தங்கிவிட்டார். நீலக் கொடி காட்டினால், பின்னால் வேகமாக வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். வந்தது அச்சுதன், நேற்று முளைத்தவன். இவருக்கு மனசு வரவில்லை. முந்தப் பார்த்த அச்சுதன் சுவரில் மோதிச் செத்தான். "கொடியை நான் பாக்கவே இல்ல," என்று விசாரணையில் சாதித்தார். பச்சைப் பொய்.

பதினெட்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் ரோஜாத் தொட்டி வாங்கிக்கொண்டு மனைவி ஹெப்சியோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தார். மாடம்பாக்கம் வளைவில் இளநீர்க் கடையின் நீலத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பக்கத்து வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஆனாலும் கை தானாக ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தது. ஓரங்கட்டி நிறுத்தினார். ஏதோ உரசிக்கொண்டு போனதுபோல் கார் ஒருமுறை குலுங்கியது.

ஹெப்சி முன்னால் பார்த்துக் கையசைத்தாள்.

"யாருக்கு?"

"இப்ப ஓவர்டேக் பண்ணிட்டுப் போனானே, அவனுக்குத்தான். காருக்குள்ள ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஓட்டுறான், லூசு. கையைக் காட்டுனான்."

எதிரே சாலை காலியாக இருந்தது. ஜெர்சனுக்கு அழுகை முட்டியது. "வழி விட்டேன்ல, தேங்க்ஸ் சொல்றான்."

"தேங்க்ஸ் இல்லங்க. பின்னாலயே வாங்கன்னு கூப்பிட்டான்."

ஜெர்சன் பிரேக்கை மிதித்தபடியேதான் இருந்தார். கார் நகர ஆரம்பித்தது.