துணிக்குப் பொருள் எழுதியவர்

என் வீட்டுக்காரர் அகராதி அலுவலகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவர். மற்றவர்கள் எழுதியதில் கால், கொம்பு சரிபார்த்தே தலை நரைத்த மனிதருக்கு, முதல்முறையாக ஒரு சொல்லைச் சொந்தமாக எழுதக் கொடுத்திருந்தார்கள். துணி. ஒரு வாரமாக அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலு மணிக்கு அச்சுக்குப் போகவேண்டிய தாளோடு மதியமே என் தையற்கடைக்கு வந்துவிட்டார்.

"கேளு. துணித்தல்னா வெட்டுதல். தறியிலேர்ந்து வெட்டி எடுக்கறதால அது துணி. எப்படி?"

"அட! தினமும் வெட்டுறேன், எனக்கே தெரியலையே!"

"பொருளையும் கேளு. 'நூலால் நெய்யப்பட்டது.'"

என் கத்திரி பாதியில் நின்றது. தப்பு. இருபது வருடம் கழித்துக் கிடைத்த சொல், அதையும் கெடுப்பானேன் என்று ஒரு மனசு. அச்சேறினால் நாலு பேர் சிரிப்பார்களே என்று இன்னொரு மனசு. என் வாய்தான் சும்மா இருந்து பழகாததாயிற்றே.

"ஏங்க, சட்டையைக் கழட்டுங்க."

"கடையிலயா? ஆளுங்க வருவாங்கடி!"

"கழட்டுங்கன்னா!"

முனகிக்கொண்டே கழற்றினார். பனியன் ஓரத்தை இழுத்துக் காட்டினேன். "இதுவும் துணிதானே? இதை யாரும் நெய்யல, பின்னியிருக்காங்க. வளையம் வளையமா இருக்கு பாருங்க."

பூதக்கண்ணாடியை எடுத்து, குனிந்து தன் வயிற்றையே பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"போச்சு. முதல் சொல்லே தப்பு. இனிமே எனக்கு எவன் தருவான்?"

எனக்குப் பாவமாகப் போயிற்று. "மணி மூணுதான் ஆகுது. திருத்துறதுதானே உங்க தொழில்? திருத்திட்டு ஓடுங்க."

'நூலை நெய்தோ பின்னியோ ஆக்குவது' என்று எழுதிக்கொண்டு பனியனோடே ஓடினார். எனக்கு அதற்கப்புறம் ஒரு தையலும் நேராக வரவில்லை.

ஐந்தரைக்குத் திரும்பினார்.

"அகராதி ஆசிரியர் என்ன சொன்னார்?"

"தப்பை யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டார்."

"நீங்களே கண்டுபிடிச்சதா சொல்லியிருக்கலாமில்ல?"

"என் பொண்டாட்டின்னேன். கொஞ்ச நேரம் என்னையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இன்னும் அஞ்சு சொல் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான், உன்கிட்ட படிச்சுக் காட்டாம ஒரு தாளும் உள்ளே வரக்கூடாதாம்."

மனிதர் முகத்தில் துளி வருத்தமில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. வெட்டுமேசையில் பாதியை ஒழித்து, அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.